சானல் கரையில் ஒரு சைக்கிள்

“ஏட்டி, உனக்கென்ன பிராந்து புடிச்சிருக்கா? நாப்பத்து மூணு வயசில சைக்கிள் சவுட்டப் போறாளாம்!”

என் மாமியார் இப்படிச் சத்தம் போட்டபோது, நான் கையில் ஒரு பழந்துணியும் தேங்காய் எண்ணெய்க் கிண்ணமுமாக விறகுப்புரையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே என் மகளின் சைக்கிள். அவள் பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது. அவள் நாகர்கோவிலில் காலேஜில் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனபிறகு, பாவம், அதை ஏனென்று கேட்க ஆளில்லை. செயினெல்லாம் துரு. சீட்டின் மேல் எங்கள் வீட்டுக் கோழி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது!

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டதைக் கேட்டு சைக்கிள் கடைக்காரர் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தார். “அக்கா, அது தலைக்குப் போடுறது. இதுக்கு மெஷின் ஆயில்தான் போடணும்” என்றார். எனக்கு அன்றைக்கு அவ்வளவுதான் தெரியும்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. இந்த ஒரு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதை என்னைப்போல் அடுப்படிக்கும் வாசலுக்கும் இடையில் நடந்தே நாளைக் கழிக்கிற சகோதரிகளுக்குச் சொல்லலாம் என்றுதான் எழுதுகிறேன்.

வாசலில் செருப்பைக் கழற்றிய விருந்தாளி

என் இரண்டாவது பிள்ளைக்கும் மூத்தவளுக்கும் பதினோரு வயது வித்தியாசம். முப்பத்தாறு வயதில் அவனை வயிற்றில் சுமந்தபோது எனக்குச் சர்க்கரை வந்தது. “பிரசவத்தோடு போய்விடும். ஆனால் பிறகும் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும்” என்று டாக்டரம்மா அப்போதே சொன்னார். பிரசவமானது. சர்க்கரையும் போனது. நானும் மறந்தேன். கைக்குழந்தை, பள்ளிக்கூடம், மாமியாருக்கு முட்டுவலி... இதற்கு நடுவில் நம் உடம்பை நாம் எங்கே நினைக்கிறோம்?

போன வருஷம் ஓயாத அசதி. மாவு ஆட்டிவிட்டு நிமிர்ந்தால் கண் இருட்டியது. ஒருவழியாகப் பரிசோதனைக்குப் போனேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.2 என்று வந்தது. 5.7-க்குக் கீழே இருந்தால் சரி. 6.5 ஆகிவிட்டால் நீரிழிவு. நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். “விருந்தாளி இன்னும் வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்கிறார். இப்போது கதவைச் சாத்தினால் திரும்பிப் போகவும் கூடும்” என்றார் டாக்டர்.

இந்த இடத்தில் இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்தவர்கள் பிரசவமான ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஒரு முறை பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அப்போது சரியாக இருந்தாலும், ஒன்று முதல் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை தொடர்ந்து பார்க்க வேண்டும். பிற்காலத்தில் நீரிழிவு வருகிற வாய்ப்பு இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். நான் ஏழு வருஷம் அலட்சியமாக இருந்தேன். நீங்கள் இருக்காதீர்கள்.

“தினமும் அரைமணி நேரமாவது உடம்பு வேர்க்கணும்” என்றார் டாக்டர். நடக்கலாமென்றால் எனக்கும் முட்டு கொஞ்சம் முறுமுறுக்க ஆரம்பித்திருந்தது. “அப்படியானால் சைக்கிள் நல்லது. உடம்பின் பாரத்தை சீட் தாங்கிக்கொள்ளும், முட்டுக்கு அதிர்ச்சி இருக்காது” என்றார். வெளியே வந்து எங்கள் ஊர் மெயின் ரோட்டைப் பார்த்தேன். ரோடோ ஒடுங்கல். அதில் பஸ், தடி லாரி, டிப்பர், இடையில் பறக்கிற பைக்குகள். இதில் நான் சைக்கிளா? நல்ல கதைதான்!

வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு ராஜபாட்டை

எங்கள் குலசேகரத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கன்னியாகுமரி மாவட்டம் என்றால் எல்லாருக்கும் கடலும் வள்ளுவர் சிலையும்தான் நினைவுக்கு வரும். நாங்கள் மலையடிவாரத்துக்காரர்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ரப்பர் தோட்டம். ரப்பருக்கு அந்தப் பக்கம் அணை. அணைக்கு அந்தப் பக்கம் காடு.

கோதையாற்றின் குறுக்கே 1897-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்தது பேச்சிப்பாறை அணை. அப்போது நாங்கள் திருவிதாங்கூர் ராஜ்யம். கட்டிய என்ஜினியர் மிஞ்சின் துரையின் கல்லறைகூட அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1950-களில் பறளியாற்றில் பெருஞ்சாணி அணை வந்தது. அதற்குப் பிறகு கடையாலுமூட்டுக்கு அப்பால் சிற்றார் அணைகள் இரண்டு. இந்த அணைகளின் தண்ணீர்தான் கால்வாய் கால்வாயாகப் பிரிந்து நாஞ்சில் நாட்டு வயல்வரைக்கும் போகிறது. கால்வாயை எங்கள் பக்கம் ‘சானல்’ என்போம். ஒவ்வொரு சானலுக்கும் ஒரு கரை உண்டு. கரைமேல் ஒரு ஜீப் போகிற அகலத்துக்கு மண்பாதை. மடையைப் பார்க்கிற பணியாளர்கள் போய்வரப் போட்ட பாதை அது. பல இடத்தில் தார் கிடையாது. செம்மண்ணும் சரளைக் கல்லும்தான். நாங்கள் ‘சரல்’ என்போம். லாரி வராது, பஸ் வராது. காலையில் குளிக்கவும் துணி துவைக்கவும் போகிற பெண்கள், ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள், இரண்டு மாடு, ஒரு நாய். இவ்வளவுதான் போக்குவரத்து!

கல்யாணமாகி இருபது வருஷமாக இந்தக் கரையில் நான் துணி துவைத்திருக்கிறேன். இப்படி ஒரு ராஜபாட்டை வீட்டுக்குப் பின்னாலேயே கிடக்கிறது என்று அன்றுவரை தோன்றவில்லை.

குரங்குப் பெடல் போன கதை

சின்ன வயதில் நான் சைக்கிள் ஓட்டியவள்தான். மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்து, குரங்குப் பெடல் போட்டுப் பழகினேன். எட்டாம் வகுப்பில் பெரிய மனுஷி ஆனதும் அம்மை, “இனி அதெல்லாம் வேண்டாம்” என்றாள். காரணம் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை. அன்றைக்கு இறங்கியவள் முப்பது வருஷம் கழித்து ஏறுகிறேன். ‘ஒருமுறை படித்தால் மறக்காது’ என்பார்களே? எனக்குக் காலும் கையும் மறக்கவில்லை. தைரியம்தான் மறந்துபோயிருந்தது.

மகள் போனில் ஒரு யோசனை சொன்னாள். “அம்மா, சீட்டை நல்லா இறக்கிடு. ரெண்டு காலும் முழுசா தரையில ஊணணும். பெடலைக் கழற்றி வெச்சிடு. காலால தள்ளித் தள்ளிப் போ. பேலன்ஸ் வந்தபிறகு பெடலை மாட்டு.” பெரியவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது, சகோதரிகளே! பின்னாலிருந்து ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடி வரவேண்டாம். விழுந்தால் என்ன ஆகுமோ என்ற பயமும் இல்லை. காலைத் தூக்கினால் உருளும், ஊன்றினால் நிற்கும். நான்காம் நாள் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு ஒரு தென்னை தூரம் போனேன். ஏழாம் நாள் பெடலை மாட்டினேன்.

நான் தொடங்கியது மார்ச் மாதம். வழக்கமாக எங்கள் அணைகளை ஜூன் மாதம் பாசனத்துக்குத் திறந்து பிப்ரவரி முடியும்வரை தண்ணீர் விடுவார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகத்துக்கும் அதுதான். மார்ச்சில் சானல் வறண்டு கிடக்கும். விழுந்தாலும் மணலில்தான் விழுவேன் என்ற கணக்கு. இரண்டு முறை விழுந்தேன். ஒரு முறை துணி துவைத்துக்கொண்டிருந்த அக்கா ஓடி வந்து தூக்கிவிட்டு, “நாளைக்கும் வருவியளா?” என்று கேட்டார். கேலி செய்கிறாரோ என்று நினைத்தேன். அடுத்த நாள், “எனக்கும் ஒரு வட்டம் தாங்க” என்று வந்து நின்றார்!

ரப்பர் தோட்டத்துக் காலை

பழகியபிறகு சானல் கரையிலிருந்து ரப்பர் தோட்டத்து வழிகளுக்குள் போக ஆரம்பித்தேன். தோட்டம் யாருடையதோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வேன். “தாராளமா போங்க, பால் சிரட்டையைத் தட்டிவிடாதிங்க” என்பார்கள்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது விடியலுக்கு முன்னால். குளிர்ச்சி இருக்கும்வரைதான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதனால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே வந்துவிடுவார்கள். நான் போகும்போது வெட்டு முடிந்து சிரட்டையில் பால் சொட்டிக்கொண்டிருக்கும். பிறகு அதைச் சேர்த்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, மெஷினில் கொடுத்து ஷீட்டாக்கிப் புகைப்புரையில் தொங்கவிடுவார்கள். இந்தப் பால்தான் நம் சைக்கிள் டயராகவும் டியூபாகவும் வருகிறது. காற்றடைத்த டயரை 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தம் பிள்ளையின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்தாராம். பிள்ளை குலுங்காமல் போகவேண்டுமே என்று ஒரு தகப்பன் பட்ட கவலை இன்றைக்கு உலகம் முழுக்க உருள்கிறது!

ஒரே வழிதான், ஆனால் மாதத்துக்கு ஒரு கோலம். மார்கழி, தை மாதங்களில் ரப்பர் இலை முழுக்க உதிர்ந்து பாதையே தெரியாது. சக்கரம் உருளும்போது அப்பளம் நொறுங்குகிற சத்தம். மாசியில் செம்பு நிறத்தில் துளிர். அப்போது தேன் காலம். தோட்டம் தோட்டமாகத் தேன்பெட்டிகளை வைத்திருப்பார்கள். அந்தப் பக்கம் மணியடிக்காமல், பெட்டிக்குத் தள்ளி, பைய போகவேண்டும். ஆனி, ஆடியில் மழை. மழைக்காலத்தில் அட்டை ஏறும். ஒரு சிறு துணியில் உப்பு முடிந்து இடுப்பில் செருகிக்கொள்வேன்.

எங்கே போகிறேன் என்று கேட்கிறீர்களா? முதலில் திருநந்திக்கரை. பாறையைக் குடைந்த பழங்காலக் கோயில் அங்கே இருக்கிறது. மகா சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவாலயங்களுக்கு ஓடுகிறார்களே, அந்தச் சிவாலய ஓட்டத்தில் மூன்றாவது திற்பரப்பு, நான்காவது திருநந்திக்கரை, ஐந்தாவது பொன்மனை. மூன்றும் எங்களைச் சுற்றித்தான். அருவியில் கூட்டம் சேருமுன் விடியற்காலையில் திற்பரப்புக்குப் போய், மேலே தடுப்பணையில் தண்ணீர் கண்ணாடிபோல் நிற்பதைப் பார்த்துவிட்டு, ஒரு கட்டஞ்சாயா குடித்துவிட்டு எட்டு மணிக்குள் வீடு திரும்பியிருக்கிறேன்.

ஒரு நாள் மாத்தூர் தொட்டிப்பாலம்வரை போனேன். காமராஜர் ஆட்சியில் திட்டமிட்டு 1966-ல் கட்டி முடித்த பாலம். 28 தூண்களின் மேல், பறளியாற்றுக்கு 115 அடி உயரத்தில் பட்டணங்கால் சானல் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தொட்டியில் போகிறது. சைக்கிளை இக்கரையில் பூட்டிவிட்டுத் தொட்டியை ஒட்டி நடந்தேன். கீழே ஆறு, பக்கத்தில் ஆறு! நம் வீட்டு வாசலில் ஓடுகிற தண்ணீர் எந்தெந்த வழியாக வருகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

என் தப்பு, என் பிள்ளையின் கால்

நல்லதை மட்டும் எழுதினால் அது நேர்மையாகாது. ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டிருந்தது. “அம்மா, நானும்” என்று சின்னவன் அழுதான். கேரியரில் ஒரு துண்டை மடித்துப் போட்டு உட்காரவைத்துவிட்டேன். கால் வைக்க இடமில்லை என்று தெரியும். “காலை விரிச்சு வெச்சுக்கோ மக்களே” என்று சொன்னதோடு என் கடமை முடிந்ததாக நினைத்தேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு நேரம் ஞாபகம் இருக்கும்? கால் கிலோமீட்டர் போயிருப்போம். ‘அம்மா’ என்று ஒரு அலறல். சக்கரக் கம்பிக்குள் குதிகால் போயிருந்தது.

அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியது மட்டும் நினைவிருக்கிறது. எலும்புக்கு ஒன்றுமில்லை, தோல் உரிந்து சதை கிழிந்திருந்தது. “இந்த மாதிரி கேஸ் நிறைய வருது. பல பிள்ளைகளுக்கு எலும்பே முறிஞ்சு போகுது” என்றார் கட்டுப்போட்ட டாக்டர். வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. அது திட்டியதைவிட அதிகமாக வலித்தது. சைக்கிளை மறுபடியும் விறகுப்புரையில் சாத்திவிட்டேன்.

மூன்று வாரம் ஆனது. பிள்ளையின் கால் ஆறி அவன் ஓட ஆரம்பித்துவிட்டான். நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு நாள் மாலை மாமி முட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கூப்பிட்டார்கள்.

“மக்களே, புள்ளைக்குக் கால் ஆறிட்டு. நீ ஏன் இன்னும் நொண்டிட்டு நிக்க?”

எனக்குப் பதில் வரவில்லை. மாமியே தொடர்ந்தார்கள். “நான் முப்பது வருசம் பால் வெட்டினவ. வெளுப்பான் காலம் எந்திச்சு, மேட்டுத் தோட்டத்துக்குப் போக மூணு மைல், வர மூணு மைல். தலையில பால் வாளி. என்கூட வெட்டின ஆம்பளைங்க சைக்கிள்ல வந்தானுவ. நமக்கு யாரு தருவா? கேக்கவும் தோணல. இந்த முட்டு ரெண்டும் அப்பமே தேஞ்சு போச்சு. நீ தப்பு செய்தே. சரி. அது சவுட்டினதால வந்த தப்பில்ல. காலு வைக்க எடமில்லாம புள்ளைய வெச்சதால வந்தது. அதைச் சரி பண்ணு. போ.”

என்னைப் பிராந்து என்று சொன்ன அதே மாமிதான்! இப்போது காலை ஐந்தரைக்கு என்னை எழுப்பிவிடுவதும் அவர்கள்தான். நான் திரும்பிவரும்வரை இட்லித் தட்டும் அவர்கள் பொறுப்பு.

பின் சக்கரத்தில் இருபுறமும் வலைத்தடுப்பு போட்டேன். கேரியருக்குப் பதில் கால்தாங்கியும் வாரும் உள்ள பிள்ளை சீட் வைத்தேன். சின்னவனுக்குத் தனியாக ஒரு சிறு சைக்கிளும் வந்தது. அவனும் பெடலைக் கழற்றித்தான் பழகினான்.

பைன் மரமும் ரப்பர் மரமும்

என் நாத்தனார் மகள் பிரான்ஸ் தேசத்தில் போர்தோ நகரில் இருக்கிறாள். என் சைக்கிள் கதையைக் கேட்டு அவள் ஒரு வீடியோ அனுப்பினாள். அவர்கள் ஊருக்குத் தெற்கிலும் மேற்கிலும் பெரிய பைன் காடு. முன்பு வெறும் சதுப்பாகவும் மணலாகவும் கிடந்த நிலம். 1857-ல் ஒரு சட்டம் போட்டுத் தண்ணீரை வடித்துப் பைன் நட்டார்களாம். காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் வரிசையாக ஏரிகள். லக்கானோ ஒன்று. இன்னொன்றின் பெயர் நம் வாயில் ‘ஊர்த்தேன்’ என்று வருகிறது! எங்கள் ஊர்த் தேனை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். இந்த ஏரிக்கரைகளையும் காட்டையும் சுற்றி மோட்டார் வண்டியே வராத சைக்கிள் பாதைகள் போட்டிருக்கிறார்கள். பாட்டிமார்கள் கூடையில் ரொட்டியோடு போகிறார்கள். சரளைப் பாதைக்கென்றே அகல டயர் வைத்த ‘கிராவல் பைக்’ என்ற வண்டியில் நாத்தனார் மகள் போகிறாள்.

என்னை அதிசயிக்க வைத்தது வேறொன்று. அந்தப் பைன் மரங்களையும் எங்கள் ரப்பரைப்போலவே பட்டையைச் சீவி, கீழே மண்சட்டி கட்டிப் பிசின் எடுத்தார்களாம். இப்போது அந்தத் தொழில் ஏறக்குறைய நின்றுவிட்டது. சட்டியை ஞாபகப் பொருளாக வைத்திருக்கிறார்கள். நடந்த வழிகள் இருக்கின்றன.

பிரான்ஸில் இப்படி வண்டி வராத பாதைகளைப் ‘பச்சை வழி’ என்றே அழைக்கிறார்கள். பழைய ரயில் தண்டவாளம் இருந்த இடம், கால்வாய்க் கரை எல்லாம் அப்படி மாறியிருக்கின்றன. நாந்த் நகரிலிருந்து பிரெஸ்த் வரை போகிற கால்வாய் மட்டும் சுமார் 360 கிலோமீட்டர். அதன் கரையில் குடும்பம் குடும்பமாகச் சைக்கிளில் போகிறார்கள். “அத்தை, உங்க சானல் கரையும் அதேதானே? போர்டுதான் இல்ல” என்றாள் அவள். யோசித்துப் பார்த்தால் உண்மைதான்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் தமிழ்நாட்டிலேயே 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்ததே! அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் படிக்க வந்த கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்நின்றார். ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் பழகினார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். கல் உடைக்கிறவர்கள், விவசாயக் கூலிகள், நர்சுகள், ஆசிரியைகள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போனபோது ஆம்பிளை சைக்கிளையே எடுத்தார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று சிலருக்கு அதுதான் பிடித்தும் போனதாம். 2001-ல் பள்ளிப் பெண்களுக்கு அரசு சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. முதலில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு. பிறகு பிளஸ் ஒன் படிக்கிற மற்ற மாணவ மாணவியருக்கும் வந்தது. அப்படி வந்ததில் ஒன்றுதான் எங்கள் விறகுப்புரையில் கோழிக்கு வீடாக நின்றது! உங்கள் வீட்டிலும் ஒன்று நிற்கிறதா, பாருங்கள்.

கிளம்புமுன் கவனிக்க வேண்டியவை

* சேலையோ சுடிதாரோ எதுவானாலும் செயினுக்கு முழு மூடி, பின் சக்கரத்துக்கு வலைத்தடுப்பு அவசியம். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டுங்கள். மண்பாதைதானே என்று ஹெல்மெட்டை விட்டுவிடாதீர்கள்.

* பழகியபிறகு சீட்டைக் கொஞ்சம் உயர்த்துங்கள். பெடல் கீழே இருக்கும்போது முட்டு லேசாக மடங்கியிருந்தால் போதும். தாழ்ந்த சீட்தான் பல பேருக்கு முட்டுவலி கொடுக்கிறது.

* சரளையில் டயரில் காற்று கல்போல் இறுகியிருக்க வேண்டாம், சிறிது குறைவாக இருந்தால் பிடிப்பு வரும். முன் பிரேக்கை மட்டும் சட்டென்று அழுத்தாதீர்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். சக்கரத்தைப் பார்க்காமல் பத்தடி தள்ளிப் பாருங்கள்.

* சானலில் தண்ணீர் ஓடும் காலத்தில் கரையின் வெளிப்பக்கமாகவே போங்கள். பெரும்பாலும் தடுப்புச்சுவர் கிடையாது. பிள்ளைகளோடு அப்போது வேண்டாம்.

* நாய் துரத்தினால் வேகம் எடுக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்து போங்கள்.

* எங்கள் பக்கம் அணைக்கு மேலே வனவிலங்குச் சரணாலயம். யானை உண்டு. வனத்துறை அனுமதியில்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்டக் கூடாது. காட்டோரத்தில் இருட்டு நேரம் வேண்டவே வேண்டாம்.

* வீட்டில் வழியைச் சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டு பேராகப் போவது உத்தமம்.

* சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள். பையில் தண்ணீரும் இரண்டு மிட்டாயும் இருக்கட்டும். தலைசுற்றினால் உடனே இறங்கிவிடுங்கள்.

* பிரசவமானவர்கள் டாக்டர் பார்த்துச் சரியென்று சொன்னபிறகுதான். ஆபரேஷன், தையல் என்றால் இன்னும் பொறுமை. கர்ப்பிணிகளுக்கு விழுகிற ஆபத்து இருப்பதால் புதிதாகப் பழக இது நேரமல்ல. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைச் சைக்கிளில் ஏற்றவே கூடாது.

எவ்வளவு ஓட்ட வேண்டும்? வாரத்துக்கு 150 நிமிஷமாவது ஓரளவு மூச்சு வாங்குகிற உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரைமணி வீதம் ஐந்து நாள், அவ்வளவுதான். பேசலாம், ஆனால் பாட முடியாது என்கிற அளவுக்கு மூச்சு வாங்கினால் சரியான வேகம்.

எனக்கு எட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது 6.2 என்பது 5.8 ஆகியிருந்தது. சைக்கிள் மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். மத்தியானச் சோற்றையும் ராத்திரி மரச்சீனிக் கிழங்கையும் குறைத்தேன். கிழங்கில்லாமல் மீன்கறி இறங்குமா என்று அழுகை வந்தது, அது வேறு கதை! விருந்தாளி இன்னும் முற்றத்தில்தான் நிற்கிறார், போய்விடவில்லை. ஆனால் கதவு என் கையில் இருக்கிறது.

ரிப்போர்ட்டில் வராத ஒன்றும் உண்டு. ஐந்தே முக்காலிலிருந்து ஏழு மணிவரை என்னை யாரும் கூப்பிடுவதில்லை. அந்த நேரத்தில் நான் யாருக்கும் அம்மா இல்லை, மருமகள் இல்லை. அது முடிந்து திரும்பி வரும்போது சாயாவுக்குச் சண்டை போடுகிற குடும்பத்தின் மேல் எனக்குக் கோபமே வருவதில்லை என்பது ஆச்சரியம்!

இப்போது சானல் கரையில் நாங்கள் நாலு பேர். போன வாரம் மாமி மெதுவாக வந்து கரையில் நின்றார்கள். சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்றார்கள். நான் சைக்கிளை நிறுத்தி, “மாமி, ஒரு தரம் பிடிச்சுப் பாருங்க” என்றேன். இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, ஏறாமல், பத்தடி தூரம் உருட்டிக்கொண்டே நடந்தார்கள். மணியை ஒரு தரம் அடித்துப் பார்த்தார்கள்.

“கொள்ளாம்” என்றார்கள். “நீ போ. நேரமாவுது.”

நான் போனேன்.